ஹோவர்ட் பல்கலைக்கழகமும் மோர்டெக்காய் ஜான்சனும்: அடிக்கடி வரும் கேள்விகள்

கமலா ஹாரிஸ் அமெரிக்காவின் துணை அதிபர் ஆனபோது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்துக் கொண்டாடினார்களே, நினைவிருக்கும். அவருடைய தாத்தாவின் ஊர் அது. அப்போது வந்த செய்திகளில் எல்லாம் "ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர்" என்று ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துவிட்டு ஹார்வர்டைத்தான் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. ஹோவர்ட் வேறு, ஹார்வர்ட் வேறு. ஹோவர்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மோர்டெக்காய் ஜான்சன் என்ற மனிதரைத் தாண்டிப் போக முடியாது. அவரைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ஹோவர்ட் என்ன மாதிரியான பல்கலைக்கழகம்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு வருடத்தில், 1867இல், தலைநகர் வாஷிங்டனில் தொடங்கியது. ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்ட் என்ற ராணுவத் தளபதியின் பெயர். விடுதலையான அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நோக்கம், ஆனால் யாருக்கும் கதவு அடைக்கப்படவில்லை, பெண்களுக்கும்தான். மற்ற இடங்களில் கதவு சாத்தியிருந்ததால் இது நடைமுறையில் கறுப்பின மாணவர்களின் பல்கலைக்கழகம் ஆனது.

இதில் ஒரு முரண் உண்டு. படிப்பது பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள், தலைவர் நாற்காலியிலோ வெள்ளைக்காரர். 1870களில் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் கொஞ்ச காலம் தற்காலிகமாகப் பொறுப்பில் இருந்தார், நிரந்தரப் பதவி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த நாற்காலி கைமாற 1926 வரை ஆயிற்று. (நம்மூர்க் கணக்கில் துணைவேந்தர் பதவி என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 'தலைவர்' என்பார்கள்.)

மோர்டெக்காய் ஜான்சன் யார்?

1890 ஜனவரி 4 அன்று டென்னசி மாநிலத்தில் பாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்து விடுதலையானவர், மில்லில் வேலை பார்த்துக்கொண்டே பிரசங்கமும் செய்தவர். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர். மகன் அட்லாண்டாவில் இன்று மோர்ஹவுஸ் எனப்படும் கல்லூரியில் படித்தார், பிறகு சிகாகோ, ராச்செஸ்டர், ஹார்வர்ட் என்று படித்துக்கொண்டே போனார். 1922இல் ஹார்வர்ட் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பாக அமெரிக்கக் கறுப்பர்களின் நம்பிக்கையைப் பற்றி அவர் பேசிய பேச்சுதான் அவரை நாடறிய வைத்தது.

தொழிலால் அவர் பாதிரியார். மேற்கு வர்ஜீனியாவில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் பாப்டிஸ்ட் சபையைக் கவனித்துக்கொண்டிருந்தவரை 36 வயதில் ஹோவர்டின் தலைவராக்கினார்கள். நிர்வாக அனுபவம் என்று பெரிதாக எதுவும் இல்லை, பேராசிரியர்கள் பலருக்கு முகம் சுளித்தது. அந்த மனிதர் 1960 வரை, 34 வருடம், நகரவே இல்லை.

அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பல்கலைக்கழகத் தலைவர் இவர்தானா?

இல்லை, இந்த 'முதல்' விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். வில்பர்ஃபோர்ஸ் கல்லூரிக்கு டேனியல் பெய்ன் 1863இலேயே தலைவர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை 1874 முதல் நடத்திய பேட்ரிக் ஹீலியின் தாய் கறுப்பின அடிமை, ஆனால் அவர் வாழ்நாளில் ஊர் அவரை ஐரிஷ் வெள்ளைக்காரராகத்தான் பார்த்தது. ஹோவர்டின் முதல் நிரந்தரக் கறுப்பினத் தலைவர் ஜான்சன். வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பெரிய பல்கலைக்கழகம் என்று கேட்டால் 1970இல் மிச்சிகன் ஸ்டேட்டுக்கு வந்த கிளிஃப்டன் வார்ட்டனைச் சொல்ல வேண்டும், பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு 2001இல் ரூத் சிம்மன்ஸ் வந்தார். யார் முதல் என்பதைவிட வந்து என்ன செய்தார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

சரி, வந்ததும் என்ன செய்தார்?

முதலில் பணம். ஹோவர்டுக்கு 1879 முதல் அமெரிக்கக் காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், ஏதோ கொஞ்சம் பணம் ஒதுக்கி வந்தது. ஆனால் அதற்கென்று நிரந்தரச் சட்டம் கிடையாது. தெற்கு மாநில உறுப்பினர் ஒருவர் எழுந்து "இதற்குச் சட்டத்தில் இடமில்லை" என்று ஆட்சேபித்தால் போதும், அந்த வருட ஒதுக்கீடு ஆட்டம் காணும். ஒவ்வொரு வருடமும் கையேந்தி நிற்கும் நிலை. ஜான்சன் மிச்சிகன் உறுப்பினர் லூயி கிராம்டனைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். 1928 டிசம்பரில் ஹோவர்டுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது. அடுத்த வருடம் கறுப்பினச் சாதனையாளர்களுக்கான ஸ்பிங்கார்ன் பதக்கம் இதற்காகவே அவருக்குக் கிடைத்தது.

இந்தப் பணத்தை மறந்துவிடாதீர்கள். வந்த நல்லதும் கெட்டதும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது.

சட்டக் கல்லூரியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அதுதான் கதையின் முதுகெலும்பு. 1920களில் ஹோவர்ட் சட்டக் கல்லூரி ஒரு மாலைக் கல்லூரி. பகலில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, ராத்திரியில் சட்டம். பாடம் நடத்தியவர்களும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்தான். உச்ச நீதிமன்ற நீதிபதி லூயி பிராண்டைஸ் ஜான்சனிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாராம்: கறுப்பின வழக்கறிஞர் எழுதிய மனு எது என்று படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது, முழுநேர ஆசிரியர்களை வைத்துப் பகல் கல்லூரியாக மாற்றாவிட்டால் உங்களுடையது எப்போதும் ஐந்தாம் தரக் கல்லூரிதான் என்று. கேட்க வலிக்கிற பேச்சு. ஜான்சன் கோபித்துக்கொள்ளவில்லை, ஆளைத் தேடினார்.

கிடைத்தவர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். ஹார்வர்ட் சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர், முதல் உலகப் போரில் அதிகாரியாக இருந்து சொந்த ராணுவத்திலேயே நிறவெறியை அனுபவித்தவர். 1929இல் பொறுப்பேற்று மாலை வகுப்புகளை மூடினார், நூலகத்தைப் பெரிதாக்கினார், 1931இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் வந்துவிட்டது. வழக்கறிஞர் என்றால் ஒன்று சமூகத்தைச் செதுக்கும் பொறியாளர், இல்லாவிட்டால் சமூகத்தின் ஒட்டுண்ணி, நடுவில் எதுவும் கிடையாது என்பது அவர் வகுப்பில் வழக்கமாகச் சொல்வது. மருத்துவர் தன் தவறைப் புதைத்துவிடலாம், வழக்கறிஞரால் முடியாது என்றும் சொல்வார். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று 'இரும்புச் செருப்பு'.

அந்தச் செருப்பின் கீழ் நசுங்காமல் வெளியே வந்தவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். சொந்த ஊர் பால்டிமோர், அங்கேயே மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது, கறுப்பர்களைச் சேர்க்க மாட்டார்கள். விண்ணப்பித்து மறுக்கப்பட்டார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நடக்காது என்று தெரிந்ததால் அவர் விண்ணப்பிக்கவே இல்லை, எனக்கு இது இன்னும் கசப்பாகத் தெரிகிறது. அம்மா கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்துப் பணம் கட்டினார், மகன் தினமும் ரயிலேறி வாஷிங்டன் போய் வந்தார். 1933இல் வகுப்பில் முதல் மாணவர். 1967இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி.

மாலைக் கல்லூரியை மூடியது ஏழை மாணவர்களுக்குச் செய்த அநியாயம் இல்லையா?

நியாயமான கேள்வி, அன்றைக்கே கேட்டார்கள். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே வக்கீலாகும் வழி அடைபட்டது, மாணவர் எண்ணிக்கையும் இறங்கியது. என் கருத்து கேட்டால், அந்த நேரத்தில் அது சரியான முடிவு, ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத குமாஸ்தாக்கள். ஜான்சனின் பல முடிவுகள் இப்படித்தான்.

நிறப்பாகுபாட்டை எதிர்த்த வழக்குகள் பள்ளிக்கூடத்தில்தானே தொடங்கின?

பிரௌன் வழக்கு, 1954, அது பள்ளிகளைப் பற்றியது, பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். அதுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் இருபது வருடம் சண்டை நடந்தது கல்லூரிகளில், அதுவும் பெரும்பாலும் சட்டக் கல்லூரிகளில்.

காரணம் எளிது. 1896இல் உச்ச நீதிமன்றம் "தனித்தனியாக வைத்தாலும் சமமாக இருந்தால் போதும்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. சரி, சமமாக வைத்துக் காட்டுங்கள் என்று திருப்பிக் கேட்டார் ஹூஸ்டன். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனித் தொடக்கப் பள்ளி என்று ஒரு கொட்டகையைக் காட்டிவிடலாம், தனிச் சட்டக் கல்லூரியையோ மருத்துவக் கல்லூரியையோ எந்த மாநிலம் கட்டும்? அப்புறம், நீதிபதிகள் எல்லோரும் சட்டக் கல்லூரியில் படித்தவர்கள், நல்ல கல்லூரி எது மோசமான கல்லூரி எது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பதைவிட வளர்ந்த நாலைந்து பேரை உட்கார வைப்பது வெள்ளைக்காரப் பெற்றோரை அவ்வளவாகப் பயமுறுத்தாது என்ற கணக்கும் இருந்தது.

முதல் வெற்றி எங்கே தெரியுமா? மேரிலாண்ட் சட்டக் கல்லூரியில். டொனால்ட் மரே என்ற மாணவருக்காக மார்ஷலும் ஹூஸ்டனும் வழக்காடி 1935இல் ஜெயித்தார்கள், 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மார்ஷலுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மிசௌரி. "வெளிமாநிலத்தில் போய்ப் படி, பணம் நாங்கள் தருகிறோம்" என்று சொன்ன மாநிலத்தை எதிர்த்து லாயிட் கெயின்ஸ் 1938இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே சம வாய்ப்புத் தர வேண்டும் என்பது தீர்ப்பு. ஆனால் அவர் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. 1939 மார்ச்சில் ஒரு ராத்திரி, சிகாகோவில் தங்கியிருந்த இடத்தில், தபால்தலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஓக்லஹோமா தாழ்வாரக் கதை உண்மையா?

முழுக்க உண்மை. ஜார்ஜ் மெக்லாரின் அறுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற பேராசிரியர், கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நீதிமன்றம் சொன்னதால் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டு வகுப்புக்கு வெளியே ஒட்டியிருந்த சின்ன அறையில் மேசை போட்டார்கள், திறந்திருக்கும் வாசல் வழியாக அவர் பாடம் கேட்க வேண்டும். நூலகத்தில் மேல்தளத்தில் அவருக்கென்று ஒரு மேசை, வாசிப்பு அறை மேசைகளைத் தொடக் கூடாது. சாப்பாட்டுக் கூடத்தில் தனி மேசை, தனி நேரம். வழக்கு மேலே போகப் போக அவரைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினார்கள், ஒரு கட்டத்தில் அவர் இருக்கையைச் சுற்றி 'கறுப்பர்களுக்கு' என்று எழுதிய தடுப்பு இருந்தது. அதே புத்தகம், அதே பேராசிரியர், அதே பாடம், ஆகவே சமம்தான் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். திண்ணையில் உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டு அதே சோறுதானே என்று கேட்கிற மாதிரி.

டெக்சாஸில் இன்னொரு கூத்து. ஹீமன் ஸ்வெட் தபால்காரர், சட்டம் படிக்க ஆசைப்பட்டார். அவர் ஒருவரைத் தடுக்க மாநிலம் ஆஸ்டினில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கறுப்பர்களுக்கென்று சட்டக் கல்லூரி திறந்தது, பிறகு அதையே கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியது. உச்ச நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது: டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 16 முழுநேரப் பேராசிரியர்கள், 850 மாணவர்கள், 65,000க்கும் மேல் புத்தகங்கள், இந்தப் பக்கம் 5 பேராசிரியர்கள், 23 மாணவர்கள், 16,500 புத்தகங்கள். எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. நாளைக்கு இவர் எந்த வழக்கறிஞர்களோடும் நீதிபதிகளோடும் வேலை செய்யப் போகிறாரோ அந்த 85 விழுக்காடு மக்களை ஒதுக்கிவிட்டு என்ன சட்டப் படிப்பு என்றும் கேட்டது. ஸ்வெட், மெக்லாரின் இரண்டு தீர்ப்பும் 1950 ஜூன் 5 அன்று ஒரே நாளில், ஒருமனதாக வந்தன. ஹூஸ்டன் பார்க்கவில்லை. ஆறு வாரம் முன்னால், ஏப்ரல் 22 அன்று, 54 வயதில் போய்விட்டார்.

இதில் எல்லாம் ஜான்சன் நேரடியாக என்ன செய்தார்?

எந்த வழக்கிலும் வாதாடவில்லை, அவர் வக்கீலே இல்லை. பட்டறை போட்டுக் கொடுத்தவர் அவர். பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நிற்பதற்கு முன்னால் மார்ஷலின் குழு ஹோவர்ட் சட்டக் கல்லூரியில் ஒத்திகை பார்த்தது, பேராசிரியர்கள் நீதிபதிகளைப் போல உட்கார்ந்து குறுக்குக் கேள்வி போட்டுக் குடைந்தார்கள். குடிமை உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதல்முதலாகத் தனிப் பாடமாக 1938இல் அங்கே நடத்திய ஜேம்ஸ் நாப்ரிட்தான் பிறகு ஜான்சனுக்கு அடுத்த தலைவர். சட்டம் மட்டும் இல்லை, தத்துவத்தில் அலைன் லாக், அரசியலில் ரால்ஃப் பஞ்ச், சமூகவியலில் ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியர், ரத்த வங்கிக்கு வழிகாட்டிய மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூ என்று ஒரே வளாகத்தில் இருந்தார்கள். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் இவர்களை வேலைக்கு எடுக்காததும் இதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான்.

காந்திக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நமக்கு நெருக்கமான பகுதி இது. ஜான்சன் இந்தியா போய்த் திரும்பிய பிறகு 1950 வாக்கில் பிலடெல்பியாவில் ஃபெலோஷிப் ஹவுஸ் என்ற இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தியைப் பற்றிப் பேசினார். குறிப்பு எதுவும் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர் அவர். கூட்டத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இருந்தார், பெயர் மார்ட்டின் லூதர் கிங். அந்தப் பேச்சு மின்சாரம் மாதிரி தன்னைத் தாக்கியது, வெளியே வந்து காந்தியைப் பற்றி அரை டஜன் புத்தகம் வாங்கினேன் என்று கிங்கே பிறகு எழுதினார்.

இது திடீரென்று நடந்ததும் இல்லை. ஜான்சன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்த ஹோவர்ட் தர்மன் என்ற இறையியலாளர் 1936இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சமயக் கல்லூரி முதல்வராக இருந்த பெஞ்சமின் மேஸ் கொஞ்ச மாதத்தில் வார்தா போய்ச் சந்தித்தார். அந்த மேஸ்தான் பிறகு மோர்ஹவுஸின் தலைவராகி மாணவர் கிங்குக்குக் குருவானவர்.

அப்படியானால் மாணவர் போராட்டங்களுக்கு ஆதரவாக இருந்திருப்பாரே?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. 1943இலும் 1944இலும் ஹோவர்ட் மாணவர்கள் வாஷிங்டன் உணவகங்களில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள், புகழ்பெற்ற 1960 கிரீன்ஸ்பரோ போராட்டத்துக்குப் பதினைந்து வருடத்துக்கும் முன்னால். உணவு தராவிட்டால் பேசாமல் உட்கார்ந்து புத்தகம் படிப்பார்கள். "ஒன்றாகச் சாகிறோம், ஒன்றாகச் சாப்பிட முடியாதா?" என்று அட்டை பிடித்தார்கள், உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. யோசனை சொல்லி வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் சட்டக் கல்லூரி மாணவி பாலி மரே. 1944 ஏப்ரலில் தாம்ப்சன்ஸ் உணவகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து சில மணி நேரத்தில் ஜெயித்துவிட்டார்கள், எல்லோருக்கும் சாப்பாடு பரிமாறப்பட்டது.

அப்புறம் பல்கலைக்கழக நிர்வாகம் போராட்டத்தை நிறுத்தச் சொன்னது. காரணம் அந்தப் பணம்தான். ஹோவர்டின் செலவில் பாதிக்கு மேல் காங்கிரஸிலிருந்து வந்தது, அங்கே தெற்கு மாநில உறுப்பினர்கள் எப்போது கத்தரி வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாடு முழுக்கப் பேசுவதற்கு ஜான்சனுக்கு வாய் இருந்தது, சோவியத் ரஷ்யாவைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதற்காக 1930களில் அவரையே நீக்கச் சொன்ன உறுப்பினர்களும் உண்டு, அதற்கெல்லாம் அசையவில்லை. வளாகத்து ஒதுக்கீட்டுக்கு ஆபத்து என்றதும் மாணவர்களை அடக்க வேண்டியதாயிற்று. மாணவர்கள் பணிந்தார்கள், கசப்போடு. நான் மாணவனாக இருந்தால் மன்னித்திருக்க மாட்டேன், கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஆள் எப்படி, பழக இனிமையானவரா?

பேராசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. பிடிவாதம், யாரையும் கேட்காத குணம், தன்னைக் கடவுள் அனுப்பி வைத்தார் என்கிற தோரணை என்று புகார்ப் பட்டியல் நீளம். உயிரியலில் உலகப் பெயர் பெற்ற எர்னஸ்ட் ஜஸ்ட்டோடு அவருக்குக் கடைசி வரை ஒத்துப்போகவில்லை, ஜஸ்ட் ஐரோப்பாவுக்கே போய் வேலை செய்ய விரும்பியதில் அமெரிக்க நிறவெறிக்குப் பங்கு உண்டு, இந்த மனஸ்தாபத்துக்கும் உண்டு. ஜான்சன் 1960இல் ஓய்வு பெற்று 1976இல் இறந்தார். ஹோவர்டின் நிர்வாகக் கட்டடம் இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

பாலி மரே என்ன ஆனார்?

1944இல் வகுப்பில் முதலிடம், வகுப்பிலேயே ஒரே பெண். மேற்படிப்புக்கு ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தார், பெண் என்பதால் மறுத்தார்கள். அதற்கு ஆறு வருடம் முன்னால் வட கரோலினா பல்கலைக்கழகம் கறுப்பினத்தவர் என்பதால் மறுத்திருந்தது.

அவருடைய ஹோவர்ட் நாளில் நடந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனித்தனியாக வைத்தாலும் சமமா என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம், தனித்தனியாக வைப்பதே தப்பு என்று நேராக அடிக்கலாம் என்று வகுப்பில் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். 1896 தீர்ப்பு இருபத்தைந்து வருடத்துக்குள் கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனோடு பத்து டாலர் பந்தயம் கட்டினார், அதையே வாதமாக எழுதிக் கட்டுரையாகவும் கொடுத்தார். பத்தே வருடத்தில் கவிழ்ந்தது. பிரௌன் வழக்குக் குழுவில் இருந்த ராபின்சன் அந்தப் பழைய கட்டுரையைத் தேடி எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார் என்பது பாலிக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது.